கடற்பயணமும் கைப்பெட்டி மருந்தும்

நெடுவழி செல்வார்க்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தல் நம்மவரின் பழைய வழக்கம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற நம் பாட்டன்மார் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் முதலியவற்றை மூட்டையாகக் கட்டித் தலையிற் சுமந்து சென்றனர் என்று கேட்டிருக்கின்றோம். இக்காலத்தில் நாம் விமானத்திற் பறக்கின்றோம். ஆயினும் மூட்டை மாறவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் தாய்மாரின் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஒடியல் மா, மிளகாய்த்தூள், வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய், பனங்கட்டி, பயற்றம் பணியாரம் என்று ஒரு சிறு கடையே அதனுள் இருக்கும். ஆனால் அத்தாய் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மருந்து எங்கே என்று கேட்டால், “அது எங்கையோ அடியிலை கிடக்குது” என்பதே விடையாக வரும்.

“கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?” என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்பழமொழியில் உள்ள ‘எத்தனை நாளைக்கு’ என்ற வினாவின் பொருளை, மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நான், நாற்பது வயதைக் கடந்த பின்னர் அலாஸ்காக் கடலிலேதான் கற்றுக்கொண்டேன். அவ்வரலாற்றை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தங்கை ரொறன்ரோ நகரில் வாழ்பவள். இரண்டு மாதம் அவளோடு இருந்து வருவதற்காக எழுபத்தொரு வயதான எங்கள் அன்னையார் ஆனி மாதத்திற் சென்றார். கல்லூரி விடுமுறையோடு சில நாள் லீவும் சேர்த்துக்கொண்டு நான் சென்று அவரை அழைத்து வருவதென்பது ஏற்பாடு. இதற்கிடையில் மைத்துனர், “அம்மாவை ஒருமுறை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துச் செல்வோம்” என்று விரும்பினார். அன்னையாரின் பயணச்சீட்டு இரண்டு வாரம் பின்போடப்பட்டது. நான் புறப்படுமுன் தொலைபேசியில், “அம்மா, உங்களுக்கு என்ன கொண்டுவர வேண்டும்?” என்று கேட்டேன். “தங்கச்சிக்கு ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொண்டு வா” என்றார். “ஏற்கெனவே பெட்டி பாரமாகிவிட்டது, அம்மா” என்று சொல்லிச் சிரித்தேன். அச்சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகின்றது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் துறைமுகத்திலிருந்து கோடைகாலம் முழுவதும் அலாஸ்காவுக்கு உல்லாசப் பயணக் கப்பல்கள் செல்கின்றன. 1986ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பெற்ற ‘கனடா பிளேஸ்’ என்னும் மண்டபமே கப்பல் ஏறுந் துறை. ஐந்து வெண்பாய்களை விரித்தாற்போன்ற அதன் கூரையைத் தூரத்திலிருந்து காண்போர், ஒரு பாய்க்கப்பல் புறப்பட ஆயத்தமாய் நிற்கின்றது என்றே எண்ணுவர். அலாஸ்கா அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்ததாகலின், அமெரிக்கக் குடிவரவுப் பரிசோதனையும் அவ்விடத்திலேயே நிகழ்கின்றது. நம் நாட்டுக் கடவுச்சீட்டு உடையார் கனடா விசாவோடு அமெரிக்க விசாவும் பெற்றிருத்தல் வேண்டும்.

துறை வாயிலிற் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்கின்றனர். அறை இலக்கம் பொறித்த காகிதச் சீட்டு ஒவ்வொன்றிலும் கட்டப்படுகின்றது. அவை எக்ஸ்றேக் கருவியினூடாகச் சென்று, மாலையில் அறை வாயிலை வந்தடையும். ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பல தட்டுகளுக்கும் கொண்டு செல்ல வேண்டியிருத்தலின், கப்பல் புறப்பட்டு வெகுநேரம் ஆன பின்பே சில பெட்டிகள் வருதல் இயல்பு. இதை அறியாத நாங்கள் பெட்டிகள் யாவற்றையும் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு கப்பலேறினோம்.

மாலை நேரத்திற் கப்பல் புறப்பட்டது. 1938இற் கட்டப்பட்ட ‘லயன்ஸ் கேட்’ தொங்குபாலத்தின் கீழ் அது நுழைந்து சென்ற காட்சியை மேற்றட்டில் நின்று கண்டோம். புகைக்கூண்டு பாலத்தில் முட்டிவிடுமோ என்று அன்னையார் அஞ்சி, “முருகா!” என்றார். முட்டவில்லை. எல்லாரும் மகிழ்ந்தோம்.

இராப்போசன வேளையில் அவர் உணவைத் தொடவில்லை. “எனக்கு ஒண்டுமில்லை, தம்பி, தலை கொஞ்சம் சுத்துது” என்றார். கடல் அப்போது குளம் போற் கிடந்தது. அலைமயக்கம் வர நியாயமில்லை. “இரவுக் குளிசை போட்டீர்களா?” என்று தங்கை கேட்டாள். குளிசை பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ வரவில்லை. ஏனைய பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. அன்னையாருடையது மாத்திரம் வரவில்லை.

கப்பலில் உள்ள கடைக்கு ஓடினேன். அங்கே பற்பசை, பற்தூரிகை, தலைவலிக் குளிசை, அலைமயக்கக் குளிசை, வெயிற்களிம்பு ஆகியவை இருந்தன. இரத்த அழுத்தத்துக்கு மருந்து இல்லை. வைத்தியரின் சீட்டின்றிக் கொடுக்கத்தக்க பொருளும் அன்று அது. கீழ்த்தட்டில் உள்ள வைத்திய நிலையத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். தாதி இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மேல் எண் 180ஐத் தாண்டியிருந்தது. வைத்தியர் இளைஞர், அமைதியானவர். “என்ன மருந்து உட்கொள்கிறார்?” என்று கேட்டார்.

நான் விழித்தேன். “காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சிறிய வெள்ளைக் குளிசை” என்றேன்.

“பெரும்பாலான குளிசைகள் சிறியவை, வெள்ளையானவை” என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

வாசகர்களே, நான் ஒரு பட்டதாரி. இலக்கண நூற்பாக்களை வரிசை தவறாது ஒப்புவிக்க வல்லேன். என்னைப் பெற்றவள் பத்து ஆண்டுகளாக உட்கொள்ளும் ஒரே மருந்தின் பெயரை நான் அறியேன்! அவ்வேளையில் அடைந்த நாணம் போல வேறெப்போதும் நான் அடைந்ததில்லை.

சிறிது நேரத்திற் பாதுகாப்புப் பகுதியிலிருந்து அழைப்பு வந்தது. அன்னையாரின் பெட்டி அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காரணம் யாது? கொத்தமல்லி அவித்துக் குடிப்பதற்காக அவர் ஒரு சிறு மின்சாரக் கேத்தலைச் சேலைகளுக்கிடையே வைத்திருந்தார். தீப்பற்றும் அபாயங் கருதி, சூடேற்றுங் கருவிகள், ஸ்திரிக்கைப் பெட்டி முதலியவற்றைப் பயணக் கப்பல்கள் அனுமதிப்பதில்லை. எக்ஸ்றேயில் அது தென்பட்டதும் பெட்டியை ஒதுக்கிவிட்டனர். வேண்டாத பொருள் ஒன்று வேண்டிய பொருளை வழிமறித்து நின்றது. அதிகாரி கேத்தலை எடுத்துக்கொண்டு, பயண முடிவிற் பெற்றுக்கொள்ளும்படி பற்றுச்சீட்டுத் தந்தார். அடுத்து ஒரு பொட்டலத்தை எடுத்து, “இந்த வெள்ளைப் பொடி என்ன?” என்றார். நான் ஆங்கிலத்தில் விளக்கஞ் சொல்ல வார்த்தை தேடுமுன், அன்னையார் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவரும் புன்னகையோடு விபூதியைத் திருப்பித் தந்தார்.

குளிசை ஒரு வெள்ளைக் காகித உறைக்குள் இருந்தது. உறையின் மேல் “1 – 1” என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. நம் நாட்டுக் கிளினிக்குகளிலும் பாமசிகளிலும் இவ்வாறு கொடுப்பது வழக்கம். நல்வினையாக ஒரு துண்டு அட்டையில் மருந்துப் பெயரின் கடைசிப் பாதி எஞ்சியிருந்தது. வைத்தியர் அதைக் கொண்டு ‘லொசாட்டன்’ என்று ஊகித்தார்; ஆயினும் ஊகத்தின் மேல் மருந்து கொடுக்க அவர் ஒருப்படவில்லை. அப்போது கப்பலில் இரவு ஒன்பதரை. யாழ்ப்பாணத்தில் மறுநாட் காலை பத்து மணி. இல்லாளை அழைத்து, அலுமாரியில் இருந்த கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பச் செய்தேன். லொசாட்டன் 50 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை என்று அதிலே தெளிவாக இருந்தது. வைத்தியர் தலையசைத்தார். குளிசை கொடுக்கப்பட்டது.

ஆயினும் அவருக்கு ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. “காலையில் மருந்து உட்கொண்டிருக்கிறார். ஓர் இரவுக் குளிசை சில மணிநேரம் பிந்தியதால் இவ்வளவு உயருமா? முன்னரும் தவறவிட்டாரா என்று கேளுங்கள்” என்றார். கேட்டேன். அன்னையார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் பயணத்தைப் பின்போட்டியள். குளிசை காணாதெண்டு எனக்குத் தெரியும். அதுதான் ரெண்டு கிழமையா இரவுக் குளிசையை விட்டிட்டன். இஞ்சை டொக்டரிட்டைப் போனால் எவ்வளவு காசு!”

“அம்மா, எனக்குச் சொல்லியிருந்தாற் கொண்டுவந்திருப்பேனே!”

“நீதானே பெட்டி பாரமாப் போச்செண்டு சொன்னாய்.”

முப்பது குளிசைகள் ஒரு பிள்ளையின் உள்ளங்கையுள் அடங்கும். நான் சுமந்து வந்த ஒடியல் மாவின் நிறை நான்கு கிலோ.

அன்றிரவு அவர் அருகிலிருந்து குளிசைகளை எண்ணினேன். இரவுக்குரியது போகப் பதினெட்டு இருந்தன. கப்பலில் இன்னும் தேவைப்படுபவை பதின்மூன்று, ஐந்து எஞ்சும். வான்கூவர் திரும்பியதும் அங்குள்ள வைத்தியரைக் காண்பது என்று முடிவு செய்த பின்பே எனக்கு உறக்கம் வந்தது. வைத்திய நிலையக் கட்டணம் என் மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கை விழுங்கிற்று. பயணக் காப்புறுதி எடுத்திருந்தமையால் பின்னர் அதிற் பெரும்பகுதி கிடைத்தது.

நிற்க. மறுநாள் முழுவதும் கடலிலேயே கழிந்தது. வான்கூவர் தீவின் வடக்கே ‘குவீன் சார்லட் சவுண்ட்’ என்னும் திறந்த கடற்பகுதியைக் கடக்கும்போது கப்பல் சற்றே ஆடிற்று. பின்பு தீவுகளுக்கிடையேயுள்ள உள்வழியில் அது அமைதியாகச் சென்றது. அலைமயக்கம் உடையார் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தட்டில் இருத்தலும், தொடுவானத்தை நோக்குதலும், இஞ்சியைச் சுவைத்தலும் நன்மை தரும். அலைமயக்கக் குளிசையைப் புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ளுதல் வேண்டும். வாந்தி தொடங்கிய பின் அது பயன்படாது. அக்குளிசைகளிற் பல உறக்கந் தருவன. முதியோரும், கண்ணழுத்த நோய் உடையாரும் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது.

கடலோடிகளும் மருந்தும் என்ற பொருள் நினைவுக்கு வரும்போது, ஸ்கொத்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் என்பாரின் வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. நெடுங்காலங் கடலில் இருந்த மாலுமிகள் முரசு வீங்கி, இரத்தம் வடிந்து, ‘ஸ்கேர்வி’ என்னும் நோயால் மாண்டனர். 1747இல் ‘சலிஸ்பரி’ என்னும் போர்க்கப்பலில் லிண்ட் அந்நோயுற்ற பன்னிருவரைத் தெரிந்து, இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவரே விரைவில் நலமுற்றனர். ஆயினும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சஞ் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது 1795இலேதான். மருந்து இன்னதென அறிந்தும் அதைக் கப்பலில் ஏற்றாமற் கழிந்த ஆண்டுகள் நாற்பத்தெட்டு! அறிவு மாத்திரம் போதாது. அது பெட்டிக்குள்ளும் வந்து சேர வேண்டும்.

மூன்றாம் நாள் ஜூனோ நகரை அடைந்தோம். அலாஸ்கா மாநிலத்தின் தலைநகர் அது. ஆயினும் வெளியூர்களிலிருந்து அங்கு செல்லத் தரைவழியே கிடையாது. மலையும் பனிக்கட்டியும் சூழ்ந்த அந்நகருக்குக் கடலாலும் வானாலுமே செல்லலாம். அங்கே பாமசிகள் உள; ஆனால் நம் நாட்டு வைத்தியரின் சீட்டு அங்கே செல்லாது. மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. நாம் ‘பனடோல்’ என்று வாங்கும் பரசிற்றமோல் என்னும் மருந்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘அசிற்றமினோபன்’ என்று பெயர். இரண்டும் வேறு வேறு மருந்தென எண்ணி இரண்டையும் உட்கொள்வார் ஈரலுக்குக் கேடு தேடிக்கொள்வர். ஆதலின் மருந்தின் வணிகப் பெயரோடு அதன் பொதுப் பெயரையும் எழுதி வைத்திருத்தல் இன்றியமையாதது.

நான்காம் நாள் கண்ட ஸ்காக்வே என்னும் சிற்றூர் என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1897, 1898ஆம் ஆண்டுகளிற் கனடாவின் குளொண்டைக் பகுதியிற் பொன் கிடைக்கின்றது என்று கேள்வியுற்றுப் பல்லாயிரவர் இத்துறையில் வந்து இறங்கினர். எல்லைக் கணவாய்களில் நின்ற கனடாப் பொலிசார், ஓராண்டுக்கு வேண்டிய உணவும் கருவிகளும் இல்லாத எவரையும் உள்ளே விடவில்லை. அப்பொருள்கள் ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையன. அதைச் சிறிது சிறிதாகச் சுமந்து ஒரே மலையை அவர்கள் பலமுறை ஏறி இறங்கினர். வெள்ளைக் கணவாய் வழியில் மூவாயிரம் வரையான குதிரைகள் சுமை தாளாது மடிந்தன என்பர். அக்கணவாயினூடே 1900இல் முற்றுப்பெற்ற குறுகிய இருப்புப்பாதையில் நாங்கள் பெட்டிவண்டியில் இருந்து சென்றோம். “உன்னிடம் எத்தனை நாளைக்கு இருக்கின்றது?” என்று அப்பொலிசார் கேட்ட கேள்வியையன்றோ நான் கட்டுநாயக்காவில் என் அன்னையாரிடம் கேட்டிருக்க வேண்டும்?

ஐந்தாம் நாள் பனிக்கட்டியாற்றுக் குடாவினுட் கப்பல் நுழைந்தது. 1794இல் கப்டன் வான்கூவரின் குழுவினர் இக்கரையை அளந்தபோது, குடா முழுவதும் ஏறக்குறைய பனிக்கட்டியால் நிறைந்திருந்தது. 1879இல் இயற்கை அறிஞர் ஜோன் மியூர் வந்து கண்டபோது, பனிக்கட்டி நாற்பது மைலுக்கு மேல் உள்வாங்கிப் போயிருந்தது. இன்று அது ஒரு தேசியப் பூங்கா. பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலேறி விளக்கஞ் சொல்கின்றனர். கடையில்லை, துறையில்லை, கைத்தொலைபேசி ஓசையில்லை. பனிச்சுவரிலிருந்து ஒரு பாளம் பிளந்து கடலில் வீழ்ந்தது. வீழ்ந்ததைக் கண்ட பின்பே முழக்கம் எம் செவிக்கு எட்டியது. அந்நிலத்தின் பழங்குடிகளான திலிங்கித் மக்கள் அதனை ‘வெண்ணிற இடி’ என்று அழைப்பராம். இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குள் ஒடுங்கி நின்ற அன்னையார் அதைக் கண்டு கைகூப்பினார். அன்று காலை அவருடைய இரத்த அழுத்தத்தின் மேல் எண் 150க்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பனிமலையைக் காட்டிலும் அந்த எண்ணே எனக்கு இன்பந் தந்தது.

இனி, கப்பற் பயணஞ் செய்வார்க்கு என் அநுபவத்திற் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிப்பேன்.

முதலாவது, மருந்து எப்போதும் கைப்பெட்டியில் இருத்தல் வேண்டும். பெரிய பெட்டியில் அன்று. மூக்குக்கண்ணாடி, செவிக்கருவியின் பற்றரி, ஒரு மாற்றுடை ஆகியனவும் அதனுடன் இருக்கட்டும். இன்சுலின் உபயோகிப்போர் அதை ஒருபோதும் விமானத்தின் பொதியறைக்கு அனுப்பலாகாது; அங்கே அது உறைந்து கெடக்கூடும்.

இரண்டாவது, பயண நாட்களை எண்ணி, அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கு மருந்து கொள்க. காகித உறையிற் கொண்டு செல்லாமல், பெயர் பொறித்த அட்டையோடும் பெட்டியோடும் கொண்டு செல்க. வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்று கடவுச்சீட்டோடு இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் படம் தொலைபேசியில் இருக்கட்டும்.

மூன்றாவது, நேர மாற்றத்தைக் கவனிக்க. கோடையில் நமக்கும் வான்கூவருக்கும் பன்னிரண்டரை மணி வேற்றுமை. நமது காலை அவர்களது இரவு. அலாஸ்காவில் மேலும் ஒரு மணி பின்செல்லும். எந்த நேரத்துக்கு எந்தக் குளிசை என்பதைப் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்க.

நான்காவது, உடலோம்பும் பொருள்கள். சவர்க்காரமும் துவாயும் கப்பலில் உண்டு. பற்பசையும் பற்தூரிகையும் நாமே கொண்டு செல்வது நன்று. விமானக் கைப்பெட்டியில் நீர்மப் பொருள் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலிற் செல்லாதாகலின், நல்லெண்ணெய் பெரிய பெட்டிக்கே உரியது. குளிரிலே தோல் வெடிக்கும். பூசுவதற்கு ஏதேனும் வேண்டும். சித்தாலேபப் புட்டி ஒன்றும், வயிற்றோட்டத்துக்கு ‘ஜீவனி’ப் பைக்கற்றுகள் சிலவும் பெரிய இடத்தைப் பிடிக்கா. பலர் ஒருங்கே உண்ணும் கப்பலில் வாந்தியும் வயிற்றோட்டமும் விரைந்து பரவும். கைக்குத் தடவும் மதுசாரத் திரவத்தை நம்பியிராமற் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலே சிறந்தது. கேத்தலை வீட்டில் விடுக!

இவை யாவற்றினும் பெரியது ஒன்றுண்டு. நம் தாய்மார் தமக்கென ஒன்றுங் கேளார். மகளுக்கு மிளகாய்த்தூள் கேட்பர். தமக்குக் குளிசை கேட்கமாட்டார். ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாமே. இதை வாசிக்கும் மாணவர்கள் இன்றிரவே தம் தாய், தந்தை, பாட்டன், பாட்டியார் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார்களாக. எத்தனை பேரால் எழுத முடிகின்றது என்பது அவரவர்க்கே விளங்கும்.

பயணம் முடிந்த அன்று பற்றுச்சீட்டைக் கொடுத்துக் கேத்தலைப் பெற்றுக்கொண்டோம். அது இப்போது யாழ்ப்பாணத்தில் எங்கள் அடுக்களையில் இருக்கின்றது. அதன் மேலே சுவரில் மருந்துப் பட்டியல் ஒட்டப்பட்டுள்ளது. இரவு எட்டு மணிக்கு அன்னையார் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சி, அதனோடு குளிசையை விழுங்குகின்றார். அதைக் கண்ட பின்பே நான் விடைத்தாள் திருத்த அமர்கின்றேன்.